கேளுங்கள், சொல்கிறேன்: வர்மப் புள்ளிகளும் தற்காப்புப் பயிற்சியும்

இந்த முறை வந்த கடிதங்களில் பல ஒரே பொருளைச் சுற்றியே வந்திருக்கின்றன. அடிபட்டாலோ அழுத்தினாலோ உடலைக் கடுமையாகப் பாதிக்கும் இடங்களான வர்மப் புள்ளிகளுக்குத் தற்காப்புக் கலைப் பயிற்சியில் என்ன இடம் என்று வெவ்வேறு விதமாகக் கேட்டிருக்கிறீர்கள். பகலில் நரம்பும் மூட்டும் பாதிக்கப்பட்டவர்களுக்கு இயன்முறைச் சிகிச்சை அளிப்பவள் நான். மாலையில் தற்காப்புக் கலை கற்றுக்கொடுப்பவள். இரண்டு வேலையிலும் அதே நரம்புகளைத்தான் தொடுகிறேன். அதனால் சில பதில்கள் நீளும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கராத்தேயில் பழுப்புப் பட்டை பெற்றிருக்கிறேன். வர்மப் புள்ளிகளின் வரைபடம் ஒன்றை வாங்கி முழுவதும் மனப்பாடம் செய்துவிட்டேன். எங்கள் ஆசானோ 'இப்போது வேண்டாம்' என்கிறார். இதை ஏன் மறைத்து வைக்கிறார்கள்?
— ஒரு கல்லூரி மாணவர்

உங்கள் ஆசான் பாடத்தின் வரிசையைக் காக்கிறார் தம்பி. அவர் இடத்தில் இருந்தால் நானும் அதையே சொல்வேன்.

உங்கள் வரைபடத்தில் இருக்கும் மனிதர் அசைவதில்லை. கைகளை உடலோடு ஒட்டி, நேராக நின்று, தன் புள்ளிகளை எல்லாம் உங்களுக்குக் காட்டிக்கொண்டிருக்கிறார். எதிரில் வருகிறவர் தோளை ஏற்றி, தாடையை இறக்கி, திரும்பி, நகர்ந்து, உங்கள் கையையும் பிடித்து இழுத்துக்கொண்டிருப்பார். விரல் நுனி அளவுள்ள இலக்கு, உடல் சற்றுத் திரும்பினாலே தசைக்கு அடியில் ஒளிந்துவிடும்.

புள்ளி என்ற ஒரே பெயரில் நாம் அழைப்பவை உடலமைப்பில் ஒன்றல்ல என்பதையும் கவனியுங்கள். சில இடங்களில் நரம்பு, தசையின் பாதுகாப்பு அதிகம் இல்லாமல் எலும்பை ஒட்டி ஓடுகிறது. முழங்கையின் உட்புறத்தில் இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை சுரீரென்று ஓடுமே, அது அல்நார் நரம்பு. முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்புறத்தில் பெரோனியல் நரம்பு, மேற்கையின் பின்புறத்தில் எலும்பைச் சுற்றி இறங்கும் ரேடியல் நரம்பு ஆகியவையும் இந்த வகை. கழுத்தின் பக்கவாட்டில் இருப்பவை ரத்தக் குழாயோடு சம்பந்தப்பட்டவை. நெஞ்சுக்குழியும் வலப்பக்க விலாவின் கீழ்ப்பகுதியும் உள்ளுறுப்போடு சம்பந்தப்பட்டவை. நெஞ்சுக்குழியில் அடி விழுந்தால் உதரவிதானம் இறுகி மூச்சு நின்றதுபோல் ஆகிறது. வலப்பக்கம் கல்லீரல் மேல் விழும் அடியில் ஒரு கணம் தாமதித்து ஆள் மடங்கி விழுகிறார். குத்துச்சண்டைப் போட்டிகளில் இதைப் பார்த்திருப்பீர்கள். கவனியுங்கள், போட்டியில் மீண்டும் மீண்டும் பலிக்கும் இவை உள்ளங்கை அளவுள்ள இலக்குகள். விரல் நுனி அளவுள்ள நரம்புப் புள்ளியால் போட்டியில் ஒருவர் விழுவது மிக அரிது.

சின்னப் புள்ளிகளுக்குப் பயனே இல்லையா என்றால், உண்டு. எதிராளியின் உறுப்பு உங்கள் பிடியில் சிக்கி அசையாமல் நிற்கும்போது உண்டு. நம் பழைய தற்காப்புக் கலையான அடிமுறையில் பூட்டும் பிரிவும், அதாவது எதிராளியின் உறுப்பை மடக்கிப் பிடிப்பதும் பிடியிலிருந்து விடுபடுவதும், கற்கும்போது இது புரியும். கையைப் பூட்டியாகிவிட்டது, அவர் முழங்கையை உடலோடு ஒட்டிக்கொண்டு எதிர்க்கிறார். அப்போது விலா எலும்பின் மேல் விரல் மொட்டியை வைத்துத் தேய்த்தால் அரை கணம் அவர் கவனம் அங்கே போகும், முழங்கை விலகும், பூட்டு முழுமை பெறும். புள்ளி செய்தது அந்த அரை கண வேலை. மீதி எல்லாம் உங்கள் நிலை, இடைவெளி, பிடி ஆகியவை செய்தவை. அவை இல்லாதவர் கையில் புள்ளி வெறும் வலி.

அந்த வலியையும் நம்ப முடியாது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க மருத்துவர் ஹென்றி பீச்சர், பலத்த காயம்பட்ட வீரர்களிடம் வலி நிவாரணி வேண்டுமா என்று கேட்டுப் பதிவு செய்தார். ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் வேண்டாம் என்றார்கள். 1946-இல் அவர் அதை வெளியிட்டார். உடைந்த எலும்போடும் கிழிந்த வயிற்றோடும் படுத்திருந்த மனிதர்களுக்கே அப்படி என்றால், ஆத்திரத்தில் பாய்ந்து வருகிறவருக்கு உங்கள் கட்டைவிரல் அழுத்தம் உறைக்கும் என்று எதை வைத்து நம்புவீர்கள்? பயிற்சிக் கூடத்தில் நண்பர் 'ஆ' என்று கத்துவது அமைதியான உடலின் பதில். உயிர்ப் பயத்தில் இருக்கும் உடலின் பதில் வேறு.

1882-இல் ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ இதில் எடுத்த முடிவை நான் மிகவும் மதிக்கிறேன். உயிர்நிலைகளைத் தாக்கும் அடிகளை அவர் ஒழித்துவிடவில்லை. முன்கூட்டியே வகுத்த அடவுகளுக்குள் வைத்தார். முழு வலுவோடு இருவரும் மோதிப் பழகும் பயிற்சியிலிருந்து அவற்றை எடுத்துவிட்டார். எறிதலையும் பிடித்தலையும் தினமும் முழு வேகத்தில், எதிர்ப்பவர் மீது செய்து பழகலாம். கழுத்து நரம்பில் முழு வேகத்தில் அடித்துப் பழக முடியாது, பழகவும் கூடாது. எதைத் தினமும் எதிர்ப்போடு பழகுகிறோமோ அதுதான் நெருக்கடியில் கை கொடுக்கும். வரைபடத்தை மடித்து வைத்துவிட்டு அடுத்த பட்டைக்கான பயிற்சியைப் பாருங்கள்.

ஒரு விரலால் கழுத்தைத் தொட்டதும் ஆள் மயங்கி விழும் காணொளிகளைப் பார்க்கிறேன். தொடாமலே விழ வைப்பவர்களும் இருக்கிறார்களாம். உண்மையா?
— தனியார் நிறுவன ஊழியர் ஒருவர்

தொடாமல் விழ வைப்பது உண்மையல்ல. 2006-இல் ஜப்பானில் அப்படிச் செய்வதாகச் சொல்லிக்கொண்ட முதிய ஆசான் ஒருவர், வெளியாளான சண்டை வீரரோடு மேடையேறினார். தம் மாணவர்கள் வரிசையாகச் சரிந்து விழுந்ததை நம்பியே ஏறியிருக்க வேண்டும். சிறிது நேரத்தில் முகத்தில் ரத்தத்தோடு தோற்றார். அவரை நினைத்து எனக்கு வருத்தம்தான். ஆசானைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று மாணவர்கள் விழுந்து விழுந்து, கடைசியில் அவரையே நம்ப வைத்துவிட்டார்கள். மரியாதை எங்கே நிற்க வேண்டும் என்று பயிற்சிக் கூடங்கள் யோசிக்க வேண்டும்.

தொட்டு மயங்க வைப்பது வேறு கதை. அதற்கு உடலியல் காரணம் உண்டு, அதனாலேயே எனக்கு அதன் மேல் கூடுதல் கோபம். கழுத்தின் இருபுறமும் மூளைக்கு ரத்தம் கொண்டுசெல்லும் கரோட்டிட் தமனி, குரல்வளைக் குருத்தெலும்பின் மேல்விளிம்பு உயரத்தில் இரண்டாகப் பிரிகிறது. அந்த இடத்தில் ரத்த அழுத்தத்தை உணரும் ஏற்பிகள் இருக்கின்றன. அங்கே திடீரென அழுத்தமோ தட்டோ விழுந்தால், ரத்த அழுத்தம் ஏறிவிட்டது என்று உடல் தவறாகப் புரிந்துகொள்கிறது. வேகஸ் நரம்பின் வழியே இதயத்துக்கு 'மெதுவாக' என்ற கட்டளை போகிறது. துடிப்பு குறைகிறது, அழுத்தம் சரிகிறது, சிலர் மயங்குகிறார்கள்.

சிலர் என்ற சொல்லைக் கவனியுங்கள். எல்லோரும் மயங்குவதில்லை. மேடைக்கு அழைக்கப்பட்டு, பார்வையாளர் முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு, 'இப்போது விழப்போகிறோம்' என்ற எதிர்பார்ப்போடு நிற்பவர் எளிதில் விழுவார். மின்விளக்குப் பொத்தானைத் தட்டியதுபோல் எல்லோரிடமும் ஒரே விளைவு வரும் என்று அதைக் காட்டுவது ஏமாற்று.

அதில் ஆபத்தும் இருக்கிறது. கழுத்துத் தமனியின் உட்சுவர் அடியாலோ முறுக்காலோ கிழியலாம். கிழிந்த இடத்தில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். அது அப்போதே வர வேண்டும் என்பதில்லை; சில மணி நேரமோ சில நாட்களோ கழித்தும் வரும். வயதானவர் என்றால் தமனியில் படிந்திருக்கும் கொழுப்புத் துணுக்கு பெயரும் அபாயமும் சேர்ந்துகொள்கிறது. பக்கவாதம் வந்த கையை விரல் விரலாகத் திரும்பப் பழக்குவது என்னவென்று தினமும் பார்ப்பவள் நான். கைதட்டலுக்காக ஒரு மாணவரின் கழுத்தில் அடிக்கும் பயிற்சியாளரை நான் பயிற்சியாளர் என்றே அழைக்க மாட்டேன்.

பழைய வர்ம ஏடுகளில், இன்ன இடத்தில் அடிபட்டால் இத்தனை நாழிகையில் மரணம், இத்தனை நாளில் மரணம் என்று கெடு சொல்லப்பட்டிருக்கிறது. மருத்துவம் இதை ஏற்கிறதா, அல்லது எல்லாம் கட்டுக்கதையா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்

நல்ல கேள்வி ஐயா. எனக்கு மிகவும் பிடித்த கேள்வியும்கூட.

அந்தக் கெடுக்களைக் கட்டுக்கதை என்று தள்ள எனக்கு மனம் வராது. எழுதியவர்கள் அடிபட்டவர்களின் அருகில் உட்கார்ந்து பார்த்தவர்கள். கண்ணின் ஓரத்தில், நெற்றிப் பொட்டை ஒட்டி வர்ம ஆசான்கள் குறிக்கும் நட்சத்திர காலத்தை எடுத்துக்கொள்வோம். நெற்றிப் பொட்டுப் பகுதியில் மண்டை ஓடு மெல்லியது. அதன் உட்புறத்தில் ஒரு தமனி ஓடுகிறது. எலும்பு விரிந்து தமனி கிழிந்தால், அடிபட்டவர் முதலில் சற்று மயங்கி, பிறகு எழுந்து உட்கார்ந்து, தண்ணீர் கேட்டுக் குடித்து, 'எனக்கு ஒன்றுமில்லை' என்பார். உள்ளே எலும்புக்கும் மூளை உறைக்கும் நடுவில் ரத்தம் சேர்ந்துகொண்டே இருக்கும். சில மணி நேரத்தில் தலைவலி, வாந்தி, குழறல், மயக்கம். அறுவைச் சிகிச்சை இல்லாவிட்டால் மரணம். ஸ்கேன் கருவி இல்லாத காலத்தில் இதைக் கண்ணால் பார்த்த ஒருவர் வேறு எப்படி எழுதியிருப்பார்? 'இந்த இடத்தில் பட்டால் இத்தனை நாழிகை' என்றுதான் எழுதியிருப்பார்.

நாள் கணக்குக்கும் அப்படியே விளக்கம் இருக்கிறது. இடப்பக்க விலாவுக்குள் இருக்கும் மண்ணீரலில் அடிபட்டு, உறைக்குள்ளேயே ரத்தம் தேங்கி, சில நாட்கள் கழித்து உடையலாம். மலேரியா போன்ற காய்ச்சலால் மண்ணீரல் வீங்கியிருப்பவருக்கு லேசான அடியே போதும். 'தட்டினான், அன்றைக்கு ஒன்றுமில்லை, அந்த வாரமே செத்தான்' என்ற கதைகளுக்குப் பின்னால் இப்படி ஒரு மண்ணீரல் இருந்திருக்கலாம்.

பழைய ஆயுர்வேத நூலான சுஸ்ருத சம்ஹிதை, நாம் வர்மம் என்பதை மர்மம் என்ற பெயரில் 107 ஆகச் சொல்கிறது. அவற்றை விளைவை வைத்து ஐந்தாகப் பிரிக்கிறது: உடனே உயிர் போக்குபவை 19, காலம் கடந்து போக்குபவை 33, ஊனப்படுத்துபவை 44, வலி மட்டும் தருபவை 8. மீதியுள்ள 3 மர்மங்களில் ஆயுதம் தைத்திருக்கும்வரை உயிர் இருக்கும், பிடுங்கினால் போய்விடும் என்கிறது. உடலில் குத்தி நிற்கும் கத்தியைப் பிடுங்காதீர்கள், அசையாமல் கட்டி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள் என்று இன்றைய முதலுதவி வகுப்பில் நான் சொல்வதும் அதையேதான். அதைச் சொல்லும்போதெல்லாம் அந்தப் பழைய மருத்துவர்களை நினைத்துக்கொள்கிறேன். தமிழ் வர்ம மரபு, உயிருக்கே ஆபத்தான படுவர்மம் 12, அதைவிடக் கடுமை குறைந்த தொடுவர்மம் 96 என்று 108 புள்ளிகளை வகுத்தது. அடியின் வலுவைக் கால், அரை, முக்கால், முழு மாத்திரை என்று அளந்து, அளவுக்கேற்ப விளைவு மாறும் என்றும் சொன்னது. விளைவு இடத்தை மட்டும் பொறுத்ததல்ல, வலுவையும் பொறுத்தது என்று அறிந்திருந்தார்கள்.

நான் ஏற்க மறுப்பது ஒன்றைத்தான். பார்த்து எழுதிய கெடுவை, அடிப்பவன் விரும்பியபடி வைக்கக்கூடிய கெடுவாகப் பிற்காலத்தார் மாற்றிச் சொல்கிறார்களே, அதை. அதே அடியில் ஒருவருக்கு மண்டை ஓடு விரியும், இன்னொருவருக்கு வீக்கத்தோடு போகும். இதயத்துக்கு நேர் மேலே மார்பில் விழும் ஓர் அடி, எலும்பு எதுவும் முறியாமலே இதயத்தை நிறுத்திவிடும் என்பது மருத்துவத்தில் உறுதியான செய்தி. விளையாட்டில் பந்து பட்டு இளைஞர்கள் இப்படி இறந்திருக்கிறார்கள். ஆனால் அது நிகழ, துடிப்பின் ஒரு சுழற்சிக்குள் 10 முதல் 30 மில்லி விநாடி வரையிலான ஒரு குறுகிய தருணத்தில் அடி விழ வேண்டும். கண் இமைக்கவே 100 மில்லி விநாடிக்கு மேல் ஆகும். அந்தத் தருணத்தைக் குறிபார்த்து அடிக்க எந்த ஆசானாலும் முடியாது. குறிபார்க்காமலே அது யாருக்கும் நேரலாம் என்பதுதான் நாம் பயப்பட வேண்டிய விஷயம்.

என் மகளுக்குப் பதினான்கு வயது. தற்காப்பு வகுப்பில், யாராவது கையைப் பிடித்தால் காதுக்குக் கீழே உள்ள குழியில் அழுத்து, விட்டுவிடுவான் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நம்பலாமா?
— ஒரு தாய்

நம்ப வேண்டாம் அம்மா. காது மடலுக்குக் கீழே, தாடை எலும்பின் பின்னால் உள்ள அந்தக் குழி வலிக்கும் இடம்தான். நீங்களே மெதுவாக அழுத்திப் பார்த்தால் தெரியும். ஆனால் அங்கே அழுத்த மகள் அவன் முகத்துக்கு அருகில் போக வேண்டும், தலை அசையாமல் இருக்க வேண்டும், அவன் வலியை உணரும் நிலையில் இருக்க வேண்டும். குடித்திருப்பவனுக்கு இதில் பாதி பொருந்தாது.

பிடித்த கையில் பலம் குறைந்த இடம் கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் இடையிலான இடைவெளி. மகள் தன் முழங்கையை வளைத்து, உடல் முழுவதையும் திருப்பி, அந்த இடைவெளியின் பக்கமாகக் கையை உருவ வேண்டும். கையால் மட்டும் இழுத்தால் வராது, இடுப்போடு திரும்ப வேண்டும். அதே நேரத்தில் குரல்வளை கிழியக் கத்த வேண்டும். விடவில்லை என்றால் கண், தொண்டை, கவட்டை, முழங்காலுக்குக் கீழே எலும்பு. இவை பெரிய வித்தை தேவைப்படாத இடங்கள். விட்டதும் ஓட வேண்டும், நின்று இன்னொரு அடி கொடுக்க வேண்டாம். இதை அவள் தன்னைவிடக் கனமான ஒருவரோடு, அவர் உண்மையாகவே இழுத்துப் பிடிக்கும்போது பழகட்டும். வகுப்பில் அப்படிப் பழக இடம் இல்லை என்றால் வேறு வகுப்பு பாருங்கள். பிடியிலிருந்து தப்பிவிட்டோம் என்று அவள் உடல் ஒருமுறை உணர்ந்துவிட்டால், அந்தத் தைரியத்தை எந்த வரைபடமும் தராது.

முழங்காலின் பக்கவாட்டில் தினமும் தட்டித் தட்டி மரத்துப்போகச் செய்தால் அந்தப் புள்ளியில் அடி உறைக்காதாமே?
— கால்சண்டை பயில்பவர்

செய்யவே செய்யாதீர்கள். எலும்பும் தோலும் அடிக்குப் பழகும், நரம்பு பழகாது. மரத்துப்போவது உறுதியின் அடையாளமல்ல, சேதத்தின் அடையாளம். பெரோனியல் நரம்பு கெட்டால் பாதத்தை மேலே தூக்க முடியாமல், நடக்கும்போது தரையில் இழுபடும். அப்படி வருகிறவர்களுக்குச் சிகிச்சை மாதக்கணக்கில் நீளும். சிலருக்கு முழுதாகத் திரும்புவதில்லை.

சிறிய பயிற்சிக் கூடம் நடத்துகிறேன். மூத்த மாணவர்கள் வர்மப் புள்ளிகளைக் கேட்கிறார்கள். பாடத்தில் எப்படிச் சேர்ப்பது? எந்த வயதில் தொடங்குவது?
— ஒரு பயிற்சியாளர்

நான் செய்வதைச் சொல்கிறேன். உங்கள் கூடத்துக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் புள்ளிகளைத் தன்னிடமும் எதிரில் நிற்பவரிடமும் காக்க வேண்டிய இடங்களாகவே கற்றுக்கொடுக்கிறேன். புதிதாக வந்தவருக்கும் முதல் வாரத்திலேயே பிடரி, நெற்றிப் பொட்டு, தொண்டை, கழுத்தின் பக்கம், முதுகில் சிறுநீரகம் இருக்கும் இடம் இவற்றைத் தொட்டுக்காட்டி, 'இங்கே உன் கை போகக் கூடாது, உன்னுடையதை இப்படி மூடிக்கொள்' என்பேன். தாடையை இறக்கு, முழங்கையை விலாவோடு ஒட்டு என்று ஆசான்கள் ஓயாமல் சொல்வதற்கு அர்த்தம் அப்போது புரிகிறது. அவர்கள் நிற்கும் நிலையே அன்றைக்குத் திருந்திவிடுகிறது.

பூட்டும் பிரிவும் கைவந்த பிறகு, தொட்டு அறிதல். நாடியைக் கண்டுபிடிக்கச் சொல்வேன், எலும்பின் விளிம்பைத் தடவிப் பார்க்கச் சொல்வேன், தசைக்கு நடுவே நரம்பு உருள்வதை விரலால் உணரச் சொல்வேன். அழுத்தத்தை ஏற்பவர்தான் அளவைத் தீர்மானிப்பார். அவர் தட்டிக்காட்டிய நொடியில் கை எடுக்க வேண்டும். ஒரே அழுத்தத்துக்கு ஒருவர் துள்ளுகிறார், பக்கத்தில் நிற்பவர் 'ஒன்றும் தெரியவில்லை' என்கிறார். இதை மாணவர்கள் தம் விரலாலேயே தெரிந்துகொள்வதைவிடச் சிறந்த பாடம் இல்லை. அதன் பிறகே பூட்டுக்குள் புள்ளியைச் சேர்க்கிறேன். அடியாக, அதிலும் கழுத்துக்கு மேலே, யாருக்கும் பழக்குவதில்லை. கேட்டுக் கோபித்துக்கொண்டு போனவர்கள் உண்டு. போகட்டும்.

இதோடு சேர்த்து, மீட்கக் கற்பிக்காமல் எதையும் கற்பிக்காதீர்கள். அடி சொல்லித்தருமுன், அடிபட்டவரை மீட்கும் இளக்குமுறையைச் சொல்லித்தந்த ஆசான்கள் நம் மரபில் இருந்தார்கள். ஜப்பானிய மரபிலும் மயங்கியவரை எழுப்பும் முறைகள் தனிப் பாடமாகவே இருந்தன. இன்று அதற்கு மேலும் நமக்குத் தெரியும். நெஞ்சுக்குழியில் அடிபட்டு மூச்சு முட்டினால், இடுப்புப் பட்டையைத் தளர்த்தி, முழங்காலை மடக்கிப் படுக்க வைத்து, மெதுவாக மூச்சை வெளியே விடச் சொல்லுங்கள். ஓரிரு நிமிடத்தில் தெளியும். தெளியாமல் வயிற்று வலி கூடினால், தோளில் வலி எடுத்தால், உள்ளே ரத்தக்கசிவு இருக்கலாம், மருத்துவமனைக்குப் போங்கள். கழுத்துப் பிடியில் மயங்கியவரைச் சமமாகப் படுக்க வைத்துக் கால்களைச் சற்று உயர்த்துங்கள். கன்னத்தில் அறைய வேண்டாம், தண்ணீர் புகட்ட வேண்டாம். பிடியை விட்டதும் பெரும்பாலும் சில விநாடிகளில் நினைவு திரும்பும். திரும்பினாலும் அன்றைக்கு அவருக்குப் பயிற்சி முடிந்தது. பேச்சில், நடையில், பார்வையில் மாறுதல் இருந்தால் தாமதிக்காதீர்கள். தலையில் அடிபட்டவரை அன்றிரவு தனியே விடாதீர்கள்.

மார்பில் அடிபட்டுச் சரிந்தவர் பதில் சொல்லவில்லை, சரியாக மூச்சும் விடவில்லை என்றால் மயங்கியவரை எழுப்பத் தூண்டும் வர்ம அடங்கல் புள்ளி எதையும் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். ஒருவர் ஆம்புலன்ஸை அழைக்கட்டும், ஒருவர் மார்பின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டருக்குக் குறையாமல் அழுத்தத் தொடங்கட்டும், இன்னொருவர் மின்னதிர்ச்சி தரும் ஏ.இ.டி. கருவி இருக்குமிடத்துக்கு ஓடட்டும். யார் எதைச் செய்வது என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். என் வகுப்பில் இதையும் அடவுபோல் ஒத்திகை பார்க்கிறோம்.

வயதைப் பற்றிக் கேட்டீர்கள். காக்க வேண்டிய இடங்களை எந்த வயதிலும் சொல்லலாம், ஆறு வயதுக் குழந்தைக்கும் புரியும். அழுத்திப் பழகுவதை, உடன் பயில்பவர் தட்டியதும் கை எடுக்கும் பழக்கம் தவறாமல் வந்துவிட்ட பதின்ம வயதினரோடு, உங்கள் கண் முன்னால் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கழுத்துப் பிடிகளைப் பதினெட்டுக்கு முன் நான் தொடுவதில்லை.